ஏழாவது மாடிக்கு வந்த புத்தகம்

மெக்சிகோ நகரத்தில் ரெனான் தெருவில் லிஃப்ட் இல்லாத ஓர் அடுக்ககம். பெரிய அறையில் தரையில் விரித்த இரட்டை மெத்தை, பக்கத்து அறையில் குழந்தைக்கு ஒரு தொட்டில், கூடத்தில் ஒரு மேசை. சாப்பாடும் அதில்தான், எழுத்தும் அதில்தான். வீட்டில் மொத்தமே இரண்டு நாற்காலிகள். 1961இல் ஒருநாள் ஆல்வரோ மூட்டிஸ் என்ற கவிஞர் ஏழு மாடியையும் தாவித் தாவி ஏறி வந்தார். கையில் ஒரு கட்டுப் புத்தகம். அதில் இருப்பதிலேயே ஒல்லியான ஒன்றை உருவி நண்பரிடம் நீட்டி, சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தச் சனியனைப் படிய்யா, அப்பத்தான் கத்துக்குவே!"

நண்பர், கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ். வயது 34. புத்தகம், மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் நாவல் 'பெத்ரோ பராமோ'. அன்றிரவே இரண்டு தடவை படித்து முடித்த பிறகுதான் தூங்க முடிந்தது என்று 1980இல் ருல்ஃபோவைப் பற்றி எழுதிய கட்டுரையில் மார்க்கேஸ் சொல்கிறார். கொலம்பியத் தலைநகர் பொகோத்தாவில், மாணவர் விடுதியில், ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்காவைப் படித்த ராத்திரிக்குப் பிறகு இப்படி ஓர் உலுக்கல் வந்ததில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்த ராத்திரி "ஏறக்குறைய பத்து வருடத்துக்கு முன்" என்பது அவர் கணக்கு. உண்மையில் பதினான்கு வருடம். அதே கட்டுரையில் தன் வயதையும் 32 என்கிறார். அவர் சொல்லும் கதைகளில் வருடங்கள் இப்படிச் சற்று இறங்கித்தான் இருக்கும். வாசிக்கிறவர்தான் பார்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பிடித்த எழுத்தாளர் புதிதாக எழுத வருகிறவனுக்கு என்ன தருவார் என்று கேட்டால், 'ஊக்கம்' என்று ஒரு பதில் நம்மிடம் தயாராக இருக்கிறது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடிவதில்லை. மார்க்கேஸ் விஷயத்தை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை இது நடந்திருக்கிறது. 1947இல் காஃப்காவைப் படித்த கையோடு எழுத உட்கார்ந்தார், வந்தவை பெரும்பாலும் சுமாரான கதைகள். 1961இல் ருல்ஃபோவைப் படித்தபின் அடுத்த நாலு வருடம் பேனா ஏறக்குறைய நின்றே போனது, அப்புறம் வந்தது அவருக்கு உலகப் புகழ் தந்த 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பொகோத்தா, 1947

மார்க்கேஸ் கொலம்பியாவின் கடற்கரை வட்டாரத்துப் பிள்ளை. அரகடாகா என்ற வெயில் ஊரில், அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தவர். தாத்தா உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கர்னல். பாட்டி திராங்கிலினாவுக்கு, செத்தவர்கள் வீட்டுக்குள் நடமாடுவது காய்கறிக்காரர் வந்துபோவது போன்ற சமாச்சாரம். அப்படிப்பட்ட பையன் சட்டம் படிப்பதற்காக, மலைமேல் குளிரும் தூறலுமாக இருக்கும் தலைநகரத்துக்கு வந்து சேர்கிறான். விடுதி நண்பன் ஒருவன் இரவல் தந்த புத்தகத்தைப் பிரிக்கிறான். 'உருமாற்றம்.' கிரகோர் சாம்சா ஒரு நாள் காலையில் கண் விழிக்கிறான், பூச்சியாகிக் கிடக்கிறான். முதல் வரியிலேயே கட்டிலிலிருந்து விழத் தெரிந்தேன், இப்படியெல்லாம் எழுத அனுமதி உண்டு என்று தெரிந்திருந்தால் எப்போதோ எழுத ஆரம்பித்திருப்பேன் என்று 1981இல் ஒரு பேட்டியில் சொன்னார். அந்தப் பேட்டியில் 'அனுமதி' என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பையனிடம் சரக்கு ஏற்கனவே இருந்தது. அதைக் கடைவீதியில் வைத்து விற்கலாமா என்பதில்தான் சந்தேகம்.

அந்தச் சமயத்தில் 'எல் எஸ்பெக்தாதோர்' நாளிதழின் இலக்கியப் பகுதி ஆசிரியர் எதுவார்தோ சலமேயா போர்தா, இளைய தலைமுறையில் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை என்ற தொனியில் எழுதியிருந்தார். இருபது வயதுப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கதையை அனுப்பினான். 1947 செப்டம்பர் 13 அன்று வந்துவிட்டது. பேப்பர் விலை ஐந்து சென்டாவோ. கையில் அதுவும் இல்லை. தெருவில் டாக்ஸியிலிருந்து இறங்கிய ஒருவர் கையில் அந்தப் பேப்பரைப் பார்த்து, போய்க் கேட்டு வாங்கித்தான் தன் முதல் கதையை அச்சில் பார்த்தான்.

சரி, கதை எப்படி? ஏழு வயதில் இறந்துபோன ஒரு பிள்ளை சவப்பெட்டிக்குள்ளேயே பதினெட்டு வருடம் வளர்கிறான். இருட்டு, வாடை, தலைக்குள் ஓயாத ஒரு சத்தம். அடுத்தடுத்து வந்த கதைகளும் இதே ஜாதி. மூடிய அறை, சொன்னபடி கேட்காத உடம்பு, கனவு, பிணம். அரகடாகாவின் வெயில் அதில் ஒரு சொட்டுகூட இல்லை. தாத்தா இல்லை, கொய்யா மணம் இல்லை, ஆளுக்கு ஒரு பெயர்கூட ஒழுங்காக இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. காஃப்காவைப் படித்தபோது மார்க்கேஸுக்கு ஞாபகம் வந்தது பாட்டி. இந்த மனுஷன் என் பாட்டி பேசுகிற மாதிரியே ஜெர்மன் பாஷையில் பேசுகிறாரே என்றுதான் தோன்றியிருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்ததும் பாட்டியை வெளித் திண்ணையிலேயே விட்டுவிட்டு, காஃப்காவின் அறையையும் கட்டிலையும் மட்டும் உள்ளே தூக்கி வந்துவிட்டார். அவரே பிறகு ஒத்துக்கொண்டார்: அவையெல்லாம் படித்ததை வைத்து எழுதிய மூளைக் கதைகள், இலக்கியத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள முடிச்சு அப்போது எனக்குக் கிடைக்கவில்லை.

இதைக் கிண்டலாகச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்களில் மாய யதார்த்தம், அதாவது அதிசயத்தை அன்றாடம் போலச் சொல்லும் மார்க்கேஸ் பாணி, அடைமழையாகப் பெய்தபோது நானும் நனைந்தவன்தான். எங்கள் தெருவில் ஒரு நாளும் பறக்காத, மார்க்கேஸ் நாவலில் பறக்கிற மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளை நாலு கதையில் பறக்கவிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கொல்லைப் புளியமரத்தில் முனி இருப்பதாக ஆச்சி தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள், அதை எழுதலாம் என்று உறைக்கவே இல்லை. நாலு கதையும் இப்போது என்னிடம் இல்லை, நல்லது.

இடைப்பட்ட வருடங்கள்

பதினான்கு வருடத்தில் மார்க்கேஸ் சும்மா இருக்கவில்லை. 1948 ஏப்ரல் 9 அன்று அரசியல் தலைவர் கைத்தான் கொலையானார், பொகோத்தா பற்றி எரிந்தது. பையன் கடற்கரைக்கே திரும்பி, முதலில் கார்த்தஹேனாவிலும் பிறகு பாரங்கியாவிலும் பத்திரிகை வேலை பார்த்தான். பாரங்கியாவில் கிடைத்த நண்பர் கூட்டம் வழியாக அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரும் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபும் படிக்கக் கிடைத்தார்கள். அம்மாவோடு, பழைய வீட்டை விற்க அரகடாகாவுக்கு ஒரு பயணம் போனான். வெறிச்சோடிக் கிடந்த அந்தத் தெருக்களைப் பார்த்த நாளைத் தன் சுயசரிதையின் தொடக்கமாகவே வைத்திருக்கிறார். ஏற்கனவே 'வீடு' என்று ஒரு நாவலைத் தொடங்கி, அது கைக்கு அடங்காமல் கிடப்பில் கிடந்தது. பிற்பாடு உலகமே படித்த நாவலின் விதை அதுதான். அதாவது, கதை இருபது வயது வாக்கிலேயே இருந்திருக்கிறது. சொல்லும் விதம்தான் இல்லை.

முதல் நாவலில் தாத்தா, அம்மா, சிறுவன் என்று மூன்று பேர் மாறி மாறி நினைத்துப் பார்க்கிறார்கள். ஃபாக்னர் பட்டறையில் அடித்த சாமான் என்று பார்த்தவுடன் தெரியும். அர்ஜென்டினாவில் புவனோஸ் ஐரெஸின் ஒரு பெரிய பதிப்பகம் அதைத் திருப்பி அனுப்பியது. 1955இல்தான் அது புத்தகமானது. அதற்குப் பிறகு எழுதிய 'கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை' நாவலில் வாக்கியங்கள் ஒடுங்கி, எலும்பு தெரிய நிற்கின்றன. அது அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே பக்கத்துக் காற்று.

ஹெமிங்வேயை அவர் நேரிலும் பார்த்திருக்கிறார். 1957, பாரிஸ், மழை பெய்த ஒரு வசந்தகாலம், சேன் மிஷேல் சாலை. எதிர்ச் சாரியில் மனைவியோடு ஹெமிங்வே நடந்து போகிறார். பேட்டி கேட்பதா, ஓடிப்போய் உங்கள் பரம விசிறி என்று சொல்வதா? ஆங்கிலம் வேறு அரைகுறை. கடைசியில் இரண்டு கையையும் வாயில் குவித்து, காட்டில் டார்சான் கத்துவதுபோல "மாயெஸ்த்ரோ!" (ஆசானே!) என்று ஒரு கத்தல். அந்தக் கூட்டத்தில் வேறு மாயெஸ்த்ரோ இருக்க முடியாது என்று புரிந்துகொண்ட ஹெமிங்வே திரும்பிக் கையைத் தூக்கி, ஸ்பானிய மொழியிலேயே "அதியோஸ், அமீகோ!" (போய் வருகிறேன், நண்பா!) என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். ஆசானோடு நேரடிப் பழக்கம் வேண்டும், கடிதம் எழுத வேண்டும், ஆசி வாங்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். இதற்குமேல் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

1981இல் இந்தச் சம்பவத்தை எழுதும்போது மார்க்கேஸ் ஒரு தொழில் ரகசியத்தையும் போட்டு உடைக்கிறார். நாவலாசிரியர்கள் அடுத்தவர் நாவலைப் படிப்பதே அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தானாம். புத்தகத்தைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பார்கள். ஃபாக்னரைப் பிரித்துப் பார்ப்பது நடக்காத காரியம். ஹெமிங்வேயிடமோ ரயில் பெட்டியில் தெரிவது போல எல்லாத் திருகாணியும் வெளியே தெரியும். அதனால் ஃபாக்னர் என் ஆன்மாவோடு சம்பந்தப்பட்டவர், ஹெமிங்வே என் தொழிலோடு சம்பந்தப்பட்டவர் என்கிறார்.

1961இல் நியூயார்க்கில் பார்த்த செய்தி நிறுவன வேலையை விட்டுவிட்டு, மனைவி மெர்சேதெஸோடும் இரண்டு வயதுகூட நிரம்பாத மகனோடும் பஸ் ஏறினார். ஃபாக்னர் எழுதிய அமெரிக்கத் தென் மாநிலங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அந்த வழியாகவே மெக்சிகோவுக்குப் போனார். பக்தி என்றால் இதுதான் பக்தி. ஹெமிங்வே சுட்டுக்கொண்டு இறந்த அதே நாளில், ஜூலை 2 அன்று, மெக்சிகோ நகரத்தில் இறங்கியதாக எழுதியிருக்கிறார். எழுத வேண்டிய புத்தகங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, நம்பும்படியாகவும் கவித்துவமாகவும் அவற்றை எழுதும் வழிதான் தெரியவில்லை என்பது அப்போதைய நிலை. முட்டுச்சந்து. மூட்டிஸ் மாடி ஏறி வந்தது அந்தச் சமயத்தில்தான்.

ருல்ஃபோவைப் பிரித்துப் பார்த்தல்

ருல்ஃபோ 1917இல் ஹாலிஸ்கோ மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே அப்பா கொலையுண்டார், சில வருடத்தில் அம்மாவும் போய்விட்டார், குவாதலஹாராவின் அநாதை விடுதியில் படித்தார். பிற்பாடு டயர் கம்பெனியில் வேலை பார்த்தார். 1953இல் ஒரு சிறுகதைத் தொகுப்பு, 1955இல் 'பெத்ரோ பராமோ'. முதல் பதிப்பு 2,000 பிரதிகள். அதோடு சரி, அப்புறம் பெரிதாக எதுவும் வரவில்லை. ஏன் எழுதுவதில்லை என்று கேட்டால், எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த செலெரினோ மாமா செத்துப்போய்விட்டார் என்பாராம்.

நாவலில் ஹுவான் பிரெசியாதோ என்பவன், சாகக் கிடந்த தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி, முகம் பார்த்திராத தகப்பன் பெத்ரோ பராமோவைத் தேடிக் கோமாலா என்ற ஊருக்கு வருகிறான். வழியில் ஒரு கழுதைக்காரன் பேச்சுத்துணைக்கு வருகிறான். ஊரில் ஒருத்தி, நீ வருவாய் என்று உன் அம்மா முன்னாலேயே சொன்னாளே என்று தங்க இடம் தருகிறாள். அம்மா இறந்து ஏழு நாள் ஆகிறது என்றால், ஓஹோ, அதுதான் குரல் அவ்வளவு மெலிவாகக் கேட்டதா என்கிறாள். இங்கே ஆசிரியர் நம் தோளைத் தட்டி, பார், பேய் என்று சொல்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நமக்கு உறைக்கிறது, ஊரில் எல்லோரும் செத்தவர்கள். பாதிப் புத்தகத்தில், கதை சொல்லிக்கொண்டிருக்கும் பிரெசியாதோவும் குழிக்குள்தான் கிடக்கிறான் என்று தெரிகிறது. பக்கத்துப் பிணத்தோடு ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்திருக்கிறான், நாமும் இத்தனை நேரம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

மார்க்கேஸ் அடுத்த நாள் சிறுகதைத் தொகுப்பையும் படித்து முடித்தார். அந்த வருடம் முழுக்க வேறு யாரையும் படிக்க முடியவில்லை, எல்லோரும் சின்னவர்களாகத் தெரிந்தார்கள். இதுவரை எந்த விசிறிக்கும் நடப்பதுதான். இந்த ஆய்வுக்குப் பொருள் அடுத்து வருவது.

முதலாவது, மனப்பாடம். முழுப் புத்தகத்தையும் முன்னும் பின்னுமாக ஒப்பிப்பேன், எந்தச் சம்பவம் என் பிரதியில் எந்தப் பக்கம் என்றும் சொல்வேன் என்கிறார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இரண்டாவது, இந்தச் செய்தி காதுக்கு எட்டி, இயக்குநர் கார்லோஸ் வேலோ அவரை அழைக்கிறார். 'பெத்ரோ பராமோ'வைப் படமாக்குவதற்காக வேலோ நாவலின் துண்டுகளையெல்லாம் வெட்டி, கால வரிசைப்படி நேராக அடுக்கி வைத்திருந்தார். அடுக்கியபின் வந்தது வேறொரு புத்தகம்; தட்டையானது, தையல் பிரிந்தது. ஆனால் ருல்ஃபோவின் ரகசியத் தச்சு வேலை அந்த அடுக்கலில்தான் தனக்குப் பிடிபட்டது என்கிறார் மார்க்கேஸ். மூன்றாவது, பாத்திரங்களின் வயதைக் கணக்குப் போட்டார். அப்படிப் போட்டுப் பார்த்தபோது, பெத்ரோ பராமோ சிறுவயதிலிருந்தே விரும்பிய சுசானாவை ஒரு வழியாக அடையும்போது இரண்டு பேருக்கும் முதுமை வந்துவிட்டது என்று தெரிந்தது. பிற்காலத்தில் மார்க்கேஸ் கிழவர்களின் காதலை வைத்தே முழு நாவல் ஒன்று எழுதினார். எனக்கு அதில் இந்தக் கணக்கின் வாசனை அடிக்கிறது.

அப்புறம் 'தங்கச் சேவல்'. ருல்ஃபோவின் இன்னொரு கதையைத் திரைக்கதையாக்கும் வேலை, மெக்சிகோ எழுத்தாளர் கார்லோஸ் ஃபுவெந்தெஸோடு சேர்ந்து வந்தது. கையில் கிடைத்தவை நெருக்கி அடித்த 16 பக்கங்கள். பொடிந்துபோகக் காத்திருக்கும் மெல்லிய தாள், மூன்று வெவ்வேறு டைப்ரைட்டரில் அடித்தது. யார் எழுதியது என்று யாரும் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன் என்கிறார். படம் 1964இல் வந்தது.

காஃப்காவை அவர் ஒரு ராத்திரி படித்துவிட்டு மறுநாளே எழுதினார். ருல்ஃபோவை மனப்பாடம் செய்தார், வெட்டிப் பார்த்தார், எண்ணிப் பார்த்தார், வேறு வடிவத்துக்கு மாற்றினார். அந்த வருடங்களில் பிழைப்புக்குப் பெண்கள் பத்திரிகை, பரபரப்புப் பத்திரிகை, விளம்பர நிறுவனம், திரைக்கதை என்று ஓடிக்கொண்டிருந்ததால், ருல்ஃபோ பாணியில் உடனே நாலு கதை எழுதிவிட அவருக்கு நேரமும் இல்லை. அது பெரிய அதிர்ஷ்டம் என்பது என் கட்சி. இன்னொன்றும் உண்டு. காஃப்காவின் ஊர் பிராக், அங்கே அவர் கடன் வாங்க முடிந்தது அறைகளை மட்டும்தான். கோமாலாவோ வெயில் காயும், தூசி பறக்கும், செத்தவர்கள் ஸ்பானிய மொழியில் வம்பளக்கும் ஊர். பாட்டியை இனிமேல் திண்ணையில் உட்கார வைக்க முடியாது.

பாட்டியின் முகம்

1965இல் குடும்பத்தோடு அகாபுல்கோ போகும் வழியில், சொல்ல வேண்டிய குரல் கிடைத்துவிட்டது என்று மார்க்கேஸ் சொல்வது ஊரறிந்த கதை, அதை விரித்துச் சொல்ல வேண்டாம். அந்தக் குரல் என்ன என்பதை 1981 பேட்டியில் விளக்குகிறார். பாட்டி எவ்வளவு பெரிய அதிசயத்தைச் சொல்லும்போதும் முகம் மாறாது. முந்தைய முயற்சிகளில் அவர் தானே நம்பாமல் கதை சொன்னார். இப்போது, தானும் நம்பி, பாட்டியின் அந்தச் செங்கல் முகத்தோடு சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டார். கோமாலாவில் பிணங்கள் பேசும்போது ருல்ஃபோ வைத்துக்கொண்டிருந்ததும் அதே முகம்தான்.

எழுதி முடிக்கப் பதினெட்டு மாதம். கார் போனது, நகை போனது, வீட்டு வாடகை மாதக்கணக்கில் பாக்கி. எழுதியதைப் புவனோஸ் ஐரெஸ் பதிப்பகத்துக்கு அனுப்பத் தபால் நிலையம் போனால் கட்டணம் 82 பெசோ, கையில் 53. தாளைப் பாதியாகப் பிரித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அனுப்பியது பின்பாதி. ஹீட்டர், தலை உலர்த்தி, மிக்ஸி என்று மிச்சமிருந்ததை அடகு வைத்து முன்பாதியையும் அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது மெர்சேதெஸ் சொன்னதாக மார்க்கேஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: "இனி நாவல் நல்லா இல்லாமப் போறது ஒண்ணுதான் பாக்கி." 1967 மே 30 அன்று வெளியானது. முதல் அச்சு 8,000.

நாவலின் முதல் வாக்கியம் எல்லோருக்கும் தெரியும். பல வருடங்களுக்குப் பிறகு, தன்னைச் சுட்டுக் கொல்ல நிற்கும் துப்பாக்கிப் படையின் எதிரே நிற்கும்போது, கர்னல் அவுரெலியானோ புவெந்தியா ஒரு பழைய மத்தியானத்தை நினைத்துக்கொள்வான். இப்போது 'பெத்ரோ பராமோ'வில் பாதிரியார் ரென்தெரியா வரும் இடத்துக்குப் போங்கள். கட்டில் உறுத்தித் தூக்கம் வராமல் எழுந்து வெளியே போன அந்த இரவைப் பல வருடங்களுக்குப் பிறகு அவர் நினைத்துக்கொள்வார் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. எதிர்காலத்தில் நின்று நிகழ்காலத்தை இறந்தகாலமாகப் பார்க்கும் அதே திருகாணி. பலர் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ருல்ஃபோவிடம் அது நடுப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. மார்க்கேஸ் அதைக் கழற்றிக் கொண்டுவந்து தன் வீட்டு வாசல் கதவிலேயே மாட்டிவிட்டார். திருட்டு என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் துப்பாக்கிப் படைக்கு முன்னால் நிற்கிற அந்தக் கர்னல், தாத்தா வீட்டிலிருந்து வந்தவர்.

1980 கட்டுரையின் கடைசியில், ருல்ஃபோவை ஆழமாகத் துருவிப் பார்த்ததில்தான் என் புத்தகங்களைத் தொடரும் பாதை கிடைத்தது, அதனால் அவரைப் பற்றி எழுதினாலே அது என்னைப் பற்றி எழுதியது போல ஆகிவிடுகிறது என்று மார்க்கேஸ் சங்கடப்படுகிறார். இதை எழுதுவதற்காக எல்லாவற்றையும் மறுபடி படித்தேன் என்கிறார். எல்லாம் என்றாலே முந்நூறு பக்கத்துக்கு மேல் வராது. முதல் தடவை ஆட்பட்ட அதே வியப்புக்கு மறுபடியும் அப்பாவியாக ஆட்பட்டேன் என்று முடிக்கிறார். அப்போது அவருக்கு வயது 53.